திரும்பியிருந்த ஒரு சுருள்

கையால் சுற்றும் ஜெனரேட்டர் ஒன்றை நானே செய்தேன். அதன் மூன்று ஃபேஸ்களில் (தனித்தனிச் சுருள் தொகுதிகளில்) இரண்டில் 12 வோல்ட், மூன்றாவதில் மட்டும் 4. மூன்று இரவுகள் இதோடு மல்லுக்கட்டினேன். தட்டில் 12 நியோடிமியம் காந்தங்கள், வடக்கும் தெற்குமாக மாறி மாறி. எதிரே 9 சுருள்கள், ஃபேஸுக்கு மூன்று, தொடர் இணைப்பில். எங்கோ கம்பியின் எனாமல் பூச்சு உரிந்து ஷார்ட் ஆகியிருக்கும் என்று நினைத்து, ஒரு சுருளைப் பிரித்து மறுபடியும் சுற்றிவிட்டேன். வீண் வேலை. 4 என்பது 12-இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு என்பது அப்புறம்தான் உறைத்தது. மூன்று சுருள்களில் ஒன்றின் முனைகள் மாறியிருந்தன. அது மற்றொன்றின் மின்னழுத்தத்தை அப்படியே தின்றுகொண்டிருந்தது. முனைகளை மாற்றிப் பற்றவைத்ததும் 12 வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

காந்தத்துக்கும் சுருளுக்கும் உள்ள இடைவெளியை 4 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆக்கியதும் இன்னும் ஏறியது. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் டயோடு விஷயத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள்: சாதாரண சிலிக்கான் டயோடுகளாலான பிரிட்ஜ் சுமார் 1.4 வோல்ட்டை விழுங்கிவிடும், ஷாட்கி வகை டயோடு போட்டால் இழப்பு குறையும்.

இப்படிப்பட்ட ஜெனரேட்டர் தானாகவே சுற்றிக்கொண்டே மின்சாரம் தரும் என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. பல்பை இணைத்த நொடியே கைப்பிடி கனக்கிறது. இயற்பியலாளர் லென்ஸ் 1834-இல் சொன்ன விதி அதுதான்: உருவாகும் மின்னோட்டம், தன்னை உருவாக்கும் இயக்கத்தையே எதிர்க்கும். அந்தக் கனத்தைக் கையில் உணர்வது எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்து, தடிமனான கம்பியில் சுற்றிப் பார்க்கப் போகிறேன்.