கெர்னல் ஹெடர் கோப்புகள்: ஒரு வார நாட்குறிப்பு

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, சைதாப்பேட்டை

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சீரியல் போர்ட் அட்டைக்கு டிரைவரை (அட்டையை இயக்கும் நிரலை) மாற்றி எழுத வேண்டியிருப்பதால், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்திலிருந்து லினக்ஸ் 6.6 கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், மூலநிரலை எடுத்து, எனக்குத் தேவையானவற்றை மட்டும் தேர்ந்து தொகுத்தேன் (கம்பைல் செய்தேன்). பழைய கணினியில் மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் கரண்ட் போனாலும், கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, தொகுப்பை நடத்தும் மேக் கருவி விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

ஹெடர்கள் என்பவை நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புகள். புதிய கெர்னலுக்குப் புதிய ஹெடர்கள்தாம் பொருந்தும் என்று எண்ணி, யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் அடைவை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, அங்கிருந்து மூலநிரலின் இன்க்ளூட்/லினக்ஸ் அடைவுக்கு ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) போட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மாடி வீட்டுக் கல்லூரி மாணவன் தன் சி பயிற்சியை என் கணினியில் தொகுக்க வந்தான். "அண்ணா, இது எங்கள் லேபில் ஓடியதே" என்றான். பத்தே வரி நிரல்தான். ஆனால் அதில் லிமிட்ஸ்.ஹெச் என்ற ஹெடர் இருந்தது. யூஏபிஐ/லினக்ஸ்/லிமிட்ஸ்.ஹெச் என்ற கோப்பைக் காணவில்லை என்று கம்பைலர் நின்றுவிட்டது. தவறு அவனுடையதன்று, நான் நேற்றுப் போட்ட சிம்லிங்க்தான் காரணம்.

கெர்னலில் ஒரே பெயரில் இருவகை ஹெடர்கள் உள்ளன. கெர்னல் தனக்காகவும் தன் மாட்யூல்களுக்காகவும் (டிரைவர் போல, ஓடும்போதே ஏற்றக்கூடிய துண்டுகள்) வைத்திருப்பவை ஒருவகை. வெளியிலுள்ள நிரல்களுக்குக் காட்டுபவை இன்னொரு வகை. கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவல்ஸ் இவற்றைப் பிரித்து, 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து இரண்டாம் வகையை யூஏபிஐ என்ற தனி அடைவுகளில் வைத்தார். யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டில் இருப்பவை சி நூலகத்தோடு இணங்கி நிற்க வேண்டியவை. நாம் எந்தக் கெர்னலை ஏற்றினாலும் அவற்றைத் தொடக் கூடாது. ஒதுக்கிய அடைவை அதன் இடத்துக்கே திருப்பியதும் அவன் நிரல் தொகுந்தது.

அவன் போன பிறகு, வெளி நிரல்களுக்கான ஹெடர்களை ஏற்றுமதி செய்யும் ஹெடர்ஸ்_இன்ஸ்டால் கட்டளையை ஒரு தனி அடைவுக்கு இயக்கிப் பார்த்தேன். மூலத்தில் யூஐஓ.ஹெச் கோப்பின் ஐஓவெக் கட்டமைப்பில், முகவரிச் சுட்டிக்கு முன்னால் "யூசர்" என்ற குறிப்பு நிற்கிறது. ஏற்றுமதியான கோப்பில் அது இல்லை. அந்தக் குறிப்புக்குக் கெர்னலுக்குள் மட்டுமே பொருள் உண்டு என்பதால் அதைக் களைந்து அனுப்புகிறார்கள். இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நவம்பர் 13, புதன்

டிரைவரைத் தொகுத்து ஏற்றியபோது, மாட்யூலின் வடிவம் செல்லாது என்று கெர்னல் மறுத்தது. டிமெசெக்கில் (கெர்னலின் செய்திப் பதிவில்) பார்த்தால், மாட்யூலில் 6.6.0+ என்று இருக்கிறது, இருக்க வேண்டியது 6.6.0. ஒரே ஒரு கூட்டல் குறி!

நேற்றிரவு நான் ஒரு சிறு திருத்தத்தைக் கிட்டில் பதிந்து, மறுபடி மேக் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். குறியிட்ட பதிப்பைத் தாண்டிப் பதிவு இருந்தால் பெயரோடு கூட்டல் குறி சேரும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய 6.6.0. லிப்/மாட்யூல்ஸ்/6.6.0 அடைவுக்குள் இருக்கும் பில்டு என்பது ஹெடர்களின் நகலன்று, மூலநிரல் மரத்தைக் காட்டும் சிம்லிங்க் மட்டுமே. ஆகவே மரம் மாறியதும், பழைய கெர்னலுக்கு உரியவை என்று நான் நம்பியிருந்த ஹெடர்களும் மாறிவிட்டன.

மாட்யூல் தொகுக்க மரத்தைத் தயார்செய்யும் மாட்யூல்ஸ்_பிரிப்பேர் கட்டளை போதாதா என்றும் யோசித்தேன். கெர்னல் மாட்யூல்களுக்குத் தரும் பெயர்களின் பட்டியலான மாட்யூல்.சிம்வெர்ஸ் கோப்பை அது உருவாக்காது. முழுத் தொகுப்பே வேண்டும்.

நவம்பர் 16, சனி

கெர்னலை டெபியன் பொதிகளாக (டெப் கோப்புகளாக) ஆக்கும் பின்டெப்-பிகேஜி கொண்டு தொகுத்தேன். கெர்னலும் அதன் ஹெடர்களும் ஒரே தொகுப்பிலிருந்து தனித்தனி டெப் கோப்புகளாக வந்தன. ஹெடர்கள் யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில் நகலாகவே இறங்குவதால், நான் மரத்தை எவ்வளவு கிளறினாலும் அவை அசையாது. உடன் வந்த லினக்ஸ்-லிப்சி-டெவ் கோப்பு யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டில் உள்ளவற்றை மாற்றிவிடும் என்பதால் அதை நிறுவவில்லை. பதிப்பின் பெயரோடு சேரும் லோக்கல்வெர்ஷனில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் எண் தர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

புதிய கெர்னலில் கணினியைத் தொடங்கி, டிரைவரைத் தொகுத்து ஏற்றினேன். அட்டையின் நான்கு போர்ட்டுகளும் தெரிகின்றன.