கொட்டிலும் இசிஜியும்: நாட்குறிப்பு

மார்ச் 3
மருந்துச் சோதனைக்கான பன்றிக்குத் தோலடியில் வைத்த டெலிமெட்ரி கருவி (இதயப் பதிவைக் கம்பியில்லாமல் அனுப்புவது) நன்றாக வேலை செய்கிறது. காயமும் ஆறிவிட்டது. இனி அதை யாரும் பிடித்துக் கட்ட வேண்டாம். கொட்டிலுக்கு வெளியே இருக்கும் ரிசீவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். கட்டிப்போட்டு எடுத்த இசிஜியில் மிரட்சியும் சேர்ந்தே பதிவாகும். அந்த எண்களை வைத்து மருந்தைப் பற்றி முடிவு சொல்வது எனக்கு எப்போதுமே உறுத்தல்தான்.

மார்ச் 5
காலையில் தீவன வாளிச் சத்தம் கேட்டதும் துடிப்பு மளமளவென்று ஏறியது. பிறகு பன்றி தீவனத்தைச் சவைக்க ஆரம்பித்தது. தசை அசைவில் இசிஜி கோடு முழுக்கக் கிறுக்கல், பார்த்தால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்றே தோன்றும். ஆனால் அதே நேரத்தில் பதிவான ரத்த அழுத்த அலை ஒன்றுவிடாமல் சீராக இருந்தது. இதயம் நிஜமாகத் தறிகெட்டு ஓடியிருந்தால் அந்த அலை சரிந்திருக்கும். இரண்டு சிக்னலையும் சேர்த்துப் பதிவு செய்வது இதற்காகத்தான்.

மார்ச் 6
எலக்ட்ரோடு, பேட்டரி எல்லாம் சரி.

மார்ச் 9
குதிரைகளைப் பார்க்கும் தோழி ஒரு இசிஜி அனுப்பியிருந்தாள். பி அலை (மேலறையின் மின் அலை) வருகிறது, அடுத்து வரவேண்டிய கியூஆர்எஸ் (கீழறையின் மின் அலை) சில இடங்களில் இல்லை. மென்பொருள் சிவப்பில் எச்சரிக்கை போட்டிருக்கிறது. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்புதான். துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி அவ்வளவு பலம். அதனால் இரண்டாம் நிலை ஏவி பிளாக், அதாவது மேலறையின் சிக்னல் சில சமயம் கீழறைக்குப் போய்ச் சேராத இந்த நிலை, ஆரோக்கியமான குதிரையிலும் சாதாரணமாக வரும். கொஞ்சம் ஓடவிட்டால் மறைந்துவிடும். ஓடியும் மறையாவிட்டால்தான் கவலை. மனித இசிஜிக்கு எழுதிய மென்பொருளுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

பன்றி, ஆடு, குதிரை இவற்றுக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. மின் சிக்னலைப் பரப்பும் பர்கின்ஜே இழைகள் வென்ட்ரிக்கிள் (கீழறை) சுவரின் உட்பக்கத்தோடு நிற்காமல், சுவருக்குள் ஆழமாக ஊடுருவிப் போகின்றன. மனிதரிலும் நாயிலும் அப்படியில்லை. அதனால் இவற்றின் கியூஆர்எஸ் உயரத்தைப் பார்த்து இதயம் பெருத்துவிட்டது என்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மார்ச் 12
இன்று முழுக்க கியூடி கணக்கு. கீழறை மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்தான் கியூடி; துடிப்பின் வேகத்தோடு அது மாறுவதால் திருத்திப் பார்க்க வேண்டும். 1920இல் பேஸட் தந்த சூத்திரம், துடிப்பு வேகமாகும்போது தேவைக்கு மேல் திருத்திவிடும். துடிப்பை மட்டும் ஏற்றும் மருந்துகூட கியூடியை நீட்டியதாகப் பழி சுமக்கும். அதனால் மருந்து கொடுப்பதற்கு முன்பே இரவும் பகலுமாகப் பதிவு எடுத்து, அந்தந்தப் பன்றிக்கே உரிய கியூடி–ஆர்ஆர் (இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம்) உறவைக் கண்டுபிடித்துத் திருத்துகிறோம். வேலை அதிகம்தான். அதைக் குறைக்க நான் சம்மதிக்கமாட்டேன். விலங்கு நமக்காக இவ்வளவு தாங்கும்போது, அதிலிருந்து கிடைக்கும் எண் பிழையாக இருக்கக் கூடாது.

மார்ச் 13
நாளை முதல் டோஸ். கொட்டிலைக் கவனிக்கும் அண்ணனிடம் பேசிவிட்டேன்: “அண்ணே, தீவனம் வழக்கமான நேரத்துக்கே போடுங்க. புது ஆள் யாரையும் உள்ளே விடாதீங்க.” அவர் வாளியை முன்கூட்டியே வெளியில் நிரப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.