தூக்குவாளி வந்த பிறகுதான் இன்சுலின்

பாம்பன், மண்டபம் பக்கத்து நோயாளிகளுக்கு இன்சுலின் போடும்போது நர்ஸுகளான நாங்கள் முதலில் கேட்பது, "அண்ணே, சாப்பாடு எப்ப வரும்?" என்றுதான். நர்சிங் ப்ராசஸில் அசெஸ்மென்ட், அதாவது நோயாளியின் நிலையை முதலில் அறிவது, என்று படித்ததில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ரெகுலர் இன்சுலினை, அதாவது சீக்கிரம் வேலை செய்யும் தெளிந்த வகையை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். வீட்டிலிருந்து வரும் சாப்பாடோ பஸ்ஸை நம்பி வருகிறது. அதனால் தூக்குவாளி கட்டிலருகே வந்த பிறகே மருந்தை எடுக்கிறோம்.

அடுத்தது ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர். வலை இழுத்துக் காய்த்த விரலில் நுனியில் குத்தினால் ரத்தம் வராது. பக்கவாட்டில் குத்த வேண்டும். அதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். டீயோ பழமோ ஒட்டிய விரல் இல்லாத சர்க்கரையைக் காட்டும், அதை நம்பி டோஸ் கூடிவிடும். சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் ஊசியை நிறுத்தி டாக்டரிடம் சொல்கிறோம். நினைவு தெளிவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கிறோம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

"ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் அபாயம்" என்று நர்சிங் டயக்னோசிஸ், அதாவது நோயாளிக்கு என்ன பிரச்சினை என்ற நர்ஸின் கணிப்பு, எழுதுவது எளிது. சிரிஞ்சில்தான் ஆபத்து. சிவப்பு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் எடுத்தால் 20க்கு வெறும் 8. குப்பி லேபிளையும் மூடி நிறத்தையும் இன்னொரு சிஸ்டர் பார்த்து, யூனிட்டை வாய்விட்டுச் சொன்ன பிறகே போடுகிறோம். கலங்கலான இன்சுலின் என்றால் உள்ளங்கையில் உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. தெளிந்தது, கலங்கலானது இரண்டையும் ஒரே சிரிஞ்சில் எடுப்பதானால் தெளிந்தது முதலில்.

ஆளைச் சரிபார்ப்பதும் இங்கே லேசில்லை. ஒரே வார்டில் இரண்டு அந்தோணி, கீழக்கரையிலிருந்து மூன்று முகமது. "நீங்கதானே அந்தோணி?" என்றால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார். பெயரை அவரே சொல்லட்டும். கையில் கட்டிய பட்டையின் ஐபி நம்பரை (உள்நோயாளி எண்) சார்ட்டோடு ஒப்பிட வேண்டும்.

ரெகுலர் இன்சுலினின் வேகம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அப்போது வியர்க்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் இங்கே எல்லாருக்கும்தான் வியர்க்கிறது! கை நடுக்கம், படபடப்பு, குழறல் என எது இருந்தாலும், சந்தேகம் மட்டுமே இருந்தாலும்கூட, மீட்டரை எடுத்துவிடுகிறோம். போட்ட நேரம், இடம், யூனிட், சாப்பிட்ட அளவு எல்லாம் உடனே சார்ட்டில் ஏறும். பாதிச் சோறு மிச்சம் என்றால் அதையும் எழுதி, டாக்டருக்கும் அடுத்த ஷிஃப்டுக்கும் சொல்லிவிட வேண்டும்.