விஞ்செல்சி: கட்டம் போட்ட ஊரும் பாதித் தேவாலயமும்

இங்கிலாந்தின் சசெக்ஸ் கடலோரத்தில் இருந்த பழைய விஞ்செல்சியை 1287 புயல் விழுங்கியது. அதற்கு முன்பே கடல் அரிப்பைக் கண்ட மன்னர் முதலாம் எட்வர்ட், அருகிலிருந்த குன்றின் மேல் புது ஊருக்கு இடம் வாங்கியிருந்தார். நேர்த்தெருக்கள், சதுரம் சதுரமாக மனைகள், வைன் வணிகர்களுக்கு நிலவறைகள். ஒரு முழுச் சதுரம் புனித தாமஸ் ஆலயத்துக்கு.

இன்று வழிபாடு நடப்பது பீடப்பகுதியிலும் அதை ஒட்டிய இரு பக்கச் சிற்றாலயங்களிலும் மட்டுமே. சிலுவை வடிவ ஆலயத்தின் குறுக்குக் கைகளின் இடிந்த சுவர்கள் வெளியே நிற்கின்றன. மேற்கே மக்கள் நிற்கும் நடுக்கூடம் இல்லவே இல்லை. உள்ளே நுழைந்ததும் அகலம் கூடுதலாகவும் நீளம் குறைவாகவும் தோன்றுவது அதனால்தான்.

1360, 1380 பிரெஞ்சுத் தாக்குதல்கள் ஊரைச் சிதைத்தன. ஆனால் ஊரை மெல்லக் கொன்றது மண்தான்: துறைமுகம் தூர்ந்தது, கப்பல் வரத்து நின்றது, காசும் நின்றது.

தெற்குச் சுவரில் அட்மிரல் ஜெர்வாஸ் அலார்டின் கல்லறையைத் தவறவிடக் கூடாது. வண்ணக் கண்ணாடிகள் பழையவை அல்ல. டக்ளஸ் ஸ்ட்ராகன் 20ஆம் நூற்றாண்டில் செய்தவை. வெளியே நகைச்சுவையாளர் ஸ்பைக் மில்லிகனின் கல்லறை: ‘உடம்பு சரியில்லை என்று சொன்னேனே’ என்று ஐரிஷ் மொழியில்!