பேனாவால் வேலி தாண்டிய எக்ஸாமினர்

எம்.இ. படிக்கும்போது வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் வைவாவில் நான் சொதப்பியதற்கு ஒரே ஒரு படம்தான் காரணம். தலைப்பு பேரியர் கவரேஜ், அதாவது ஒரு எல்லைப் பட்டையைத் தாண்டுகிறவனைப் பிடிக்கும்படி சென்சார்களை வைப்பது. நீளமாக ஒரு பட்டை வரைந்து, உள்ளே வட்டம் வட்டமாகச் சென்சார்களைப் போட்டு, "யார் குறுக்கே வந்தாலும் தெரிந்துவிடும் சார்" என்றேன். எக்ஸாமினர் என் பேனாவை வாங்கினார். மேலிருந்து இரண்டு வட்டங்களுக்கு நடுவே நுழைந்து, இடப்பக்கம் வளைந்து, வேறொரு சந்து வழியாகக் கீழே வந்துவிட்டார். "இவன் எங்கேம்மா மாட்டினான்?"

நேராக நடந்திருந்தால் மாட்டியிருப்பான். குறுக்கே நேர்கோட்டில் வருகிறவனை மட்டும் பிடிப்பது வீக் பேரியர். எப்படி நெளிந்து வந்தாலும் பிடிப்பது ஸ்ட்ராங் பேரியர். நான் வரைந்தது முதலாவது, பேசியது இரண்டாவது.

இந்தப் பாடத்துக்கு உட்காரும்போது ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குங்கள். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலப் பட்டை. சென்சார் தன்னைச் சுற்றி 5 மீட்டர் ஆரத்துக்கு உணரும். முழுப் பரப்பையும் மூட, பட்டையின் பரப்பளவை ஒரு வட்டத்தின் பரப்பளவால் வகுத்தாலே 26 வேண்டும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் உண்மையில் அதைவிட அதிகம். தாண்டுகிறவனைப் பிடிக்க மட்டும் என்றால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒட்டி ஒட்டி 10 போதும். பேரியர் கவரேஜ் ஏன் தனித் தலைப்பு என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

அடுத்து கே-பேரியர், அதாவது தாண்டுகிறவனை ஒன்றல்ல, கே எண்ணிக்கையில் சென்சார்கள் பார்க்கும் வேலி. சந்தோஷ் குமார், லாய், அரோரா மூவரும் 2005 மொபிகாம் மாநாட்டில் தந்த கட்டுரையை ஒருமுறையாவது படியுங்கள். ஒவ்வொரு சென்சாரும் ஒரு புள்ளி. வட்டங்கள் வெட்டிக்கொண்டால் நடுவே கோடு. பட்டையின் இரு முனைகளுக்கும் கற்பனையாக இரண்டு புள்ளிகள். அந்த இரண்டுக்கும் நடுவே சென்சாரைப் பகிராத பாதைகள் கே எண்ணிக்கையில் இருந்தால், தாண்டுகிறவனைக் குறைந்தது கே சென்சார்கள் பார்க்கும். மெங்கர் தேற்றம் வந்து உட்காருவது இங்கேதான்: நடுவே புள்ளியைப் பகிராத பாதைகள் அதிகபட்சம் எத்தனையோ, இரு முனைகளையும் பிரிக்க நீக்க வேண்டிய புள்ளிகளும் குறைந்தபட்சம் அத்தனை.

என் தோழி ஒருத்தி பரீட்சையில் 'சென்சாரைப் பகிராத' என்பதற்குப் பதில் 'கோட்டைப் பகிராத பாதைகள்' என்று எழுதிவிட்டு வந்தாள். இரண்டு பாதைகள் ஒரே சென்சார் வழியாகப் போவதாக வரைந்து பாருங்கள். திருடன் அந்த வட்டத்துக்குள் மட்டும் நடந்து வெளியேறினால் அவனைப் பார்த்தது ஒரே ஒரு சென்சார். இரண்டு என்று கணக்குக் காட்ட முடியாது. இந்தப் பாதைகளை எண்ண மேக்ஸ் ஃப்ளோ (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்ற கணக்கு) போடும்போது ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிளந்து, நடுவே கொள்ளளவு 1 வைப்பதும் இதற்காகத்தான். அப்புறம், உணரும் தூரமும் ரேடியோ போகும் தூரமும் வேறு வேறு. இதைக் குழப்பினால் படம் முழுக்கத் தப்பாகிவிடும்.

லேபுக்கு வருவோம். எங்களுக்குக் கிடைத்தது மலிவான பிஐஆர் சென்சார், உடம்புச் சூட்டை வைத்து நடமாட்டத்தைக் கண்டுபிடிப்பது. காலையில் ஒழுங்காக வேலை செய்தது, மே மாத மதியத்தில் ஆள் நடந்தும் பேசாமல் கிடந்தது. ஒயரை மாற்றி, போர்டை மாற்றி, ஒரு நாள் வீண். சென்சாரில் கோளாறே இல்லை. அது பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சென்னை வெயிலில் அந்த வித்தியாசம் எங்கே இருக்கும்? குறுக்கே நடப்பவனை அது சட்டென்று பிடிக்கும், நேரே தன்னை நோக்கி வருபவனிடம் தடுமாறும். ஆகவே ரீடிங் எடுத்த நேரம், அறை வெப்பநிலை, நடந்த திசை மூன்றையும் ரெகார்டில் குறித்து வையுங்கள். இரண்டாவது வைவாவில் என்னிடம் முதலில் கேட்டதே அந்தப் பக்கத்தைத்தான்.