வயல்ல கிடைச்ச காசு, வெள்ளி ஊக்கு, அத பதிவு பண்ணின கதை

நான் இங்கிலாந்துல சஃபோக் பக்கம் இருக்கேன், 2021-ல இருந்து அறுப்பு முடிஞ்ச வயல்ல மெட்டல் டிடெக்டர் வெச்சு தேடிட்டு இருக்கேன். நம்ம ஆளுங்க வீட்டு விசேஷத்துல பாக்கும்போதெல்லாம் கேக்கறாங்க, கிடைக்கறத நீயே வெச்சுக்கலாமா, கவர்மெண்டு வாங்கிக்காதா, கேஸ் கீஸ் ஆயிடாதான்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா நான் போன வழிய இங்க எழுதிடறேன். நடுவுல நான் பண்ணின ஒரு பெரிய தப்பும் இருக்கு, அத படிச்சிட்டு ஒருத்தராவது அந்த தப்ப பண்ணாம இருந்தா போதும்.

மொதல்ல பெர்மிஷன். இங்க ஆளில்லாத மாதிரி தெரியற நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கார், பார்க்குன்னா கவுன்சில். அனுமதி இல்லாம தோண்டினா அது திருட்டு தான். அதுக்கு மேல ஷெட்யூல்டு மான்யுமெண்ட்னு பட்டியல் போட்டு பாதுகாக்கற இடங்கள் இருக்கு, அங்க நிலத்துக்காரரே சரின்னாலும் தனி அனுமதி வாங்காம டிடெக்டர தூக்கிட்டு போகக்கூடாது, 1979 சட்டப்படி குற்றம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வெப்சைட்ல மேப் இருக்கு, போறதுக்கு முன்னாடி அத பாத்துடுங்க. நான் பதினோரு பண்ணைக்கு லெட்டர் எழுதினேன், பாதிப் பேரு பதிலே போடல, ரெண்டு மூணு பேரு மரியாதையா வேணாம்னாங்க, கடைசியா வயசான ஒரு பண்ணைக்காரம்மா மட்டும் கோதுமை அறுத்ததுக்கு அப்புறம் வா, அடுத்த விதைப்புக்குள்ள முடிச்சுக்கோன்னாங்க. எது கிடைச்சாலும் அவங்களுக்கு காட்டணும், விலை போற பொருள்னா பாதிப் பாதின்னு ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம். இத கூச்சப்படாம ஆரம்பத்துலயே பண்ணிடணும், ஏன்னா புதையல் சட்டத்துல வராத பொருள் பொதுவா நிலத்துக்காரருக்கு தான் சொந்தம், நம்ம கையில கிடைச்சதால நம்மது ஆயிடாது.

மொத ரெண்டு வாரம் தோட்டா அடிப்பாகம், டின் மூடி, டிராக்டர் நட்டு, இது தான். மூணாவது சனிக்கிழமை சாயங்காலம் தாள் நிக்கற வயல்ல ஒரு சின்ன சிக்னல், ஒரு ஜாண் ஆழம் கூட இல்ல, மண்ணு கட்டிய உடைச்சா சட்டை பட்டன் சைஸ்ல பச்சையா ஒரு வட்டம். விரலால லேசா மண்ண தள்ளினதும் ஒரு ஓநாயோட கால் தெரிஞ்சது, அதுக்கு கீழ ரெண்டு குழந்தைங்க. உர்ப்ஸ் ரோமான்னு சொல்ற காசு, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி காலம், கி.பி. 330-கள்ல அடிச்சது, ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, மறுபக்கம் ரோமுலஸ் ரீமஸுக்கு பால் குடுக்கற ஓநாய், மேல ரெண்டு நட்சத்திரம். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிஞ்சது. அன்னிக்கு வயல் நடுவுல நின்னுட்டு கை நடுங்கினது மட்டும் தான் ஞாபகம் இருக்கு, சேறோட மொபைல்ல ஒரு போட்டோ எடுத்தேன்.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன். அம்மா பாத்துட்டு, "களிம்பு ஏறிக் கெடக்குதுடா, கொஞ்சம் புளிய கரைச்சு ஊறப் போட்டு தேய், நம்ம குத்துவெளக்கு மாதிரி ஆயிடும்"னாங்க. எனக்கும் அது சரின்னு தான் தோணுச்சு, சின்ன வயசுல இருந்து வெள்ளிக்கிழமைன்னா அத தான பாத்திருக்கேன். ஒரு மணி நேரம் ஊற வெச்சு பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சேன். பச்சை போச்சு. உள்ள இருந்து வந்தது பளபளப்பு இல்ல, ரோஸ் கலர்ல பொரிப்பொரியா அரிச்சுப் போன செம்பு. ஓநாயோட முதுகு பாதி காணோம், காலுக்கு கீழ இருந்த எழுத்து சுத்தமா இல்ல.

அந்த எழுத்து என்னன்னு எஃப்.எல்.ஓ.வ பாத்தப்ப தான் தெரிஞ்சது. ஃபைண்ட்ஸ் லையஸன் ஆபீசர்னு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருத்தர் இருப்பாங்க, போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்னு 1997-ல சில இடங்கள்ல ஆரம்பிச்சு 2003-ல இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க கொண்டு வந்த திட்டம், இங்கிலாந்துல பிரிட்டிஷ் மியூசியம் தான் நடத்துது. பொதுமக்கள் கண்டெடுக்கற பழைய பொருள எல்லாம் படம் எடுத்து, எடை போட்டு, அளந்து, எல்லாரும் பாக்கற டேட்டாபேஸ்ல ஏத்துவாங்க, இதுவரைக்கும் 15 லட்சத்துக்கும் மேல ஏத்தியாச்சு. மெயில் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கி போனேன், பைசா செலவில்ல. அவங்க லென்ஸ்ல காச ரொம்ப நேரம் பாத்தாங்க. ஓநாய்க்கு கீழ ரெண்டு மூணு எழுத்து இருக்கும், அது எந்த ஊர் நாணயச் சாலைன்னு சொல்ற குறி, டி-ஆர்-னு வந்தா ட்ரியர், பி-எல்-ஜி-ன்னு வந்தா லியோன், அந்த ஊர்ல இருந்து இந்த வயலுக்கு காசு எப்படி வந்துச்சுன்னு அத வெச்சு தான் யோசிக்க முடியும்னாங்க. திட்டவே இல்ல. அந்த பச்சை அழுக்கில்ல, ஆயிரத்தி அறநூறு வருஷத்துக்கு மேல மண்ணுல கிடந்து உலோகத்து மேல உருவான தோல் மாதிரி, விவரமெல்லாம் அந்த தோல்ல தான் நிக்குது, புளியோ எலுமிச்சையோ பட்டா அது தான் மொதல்ல போகும்னு நிதானமா சொன்னாங்க. என் மொபைல் போட்டோவ பெருசு பண்ணி பாத்தாங்க, சேறு தான் தெரிஞ்சது. பதிவுல "நாணயச் சாலை தெரியவில்லை"ன்னு போட்டாங்க. வெளிய வந்து கார்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

அடுத்த கேள்வி அதவிட கஷ்டமா இருந்துச்சு: "எங்க கிடைச்சுது?" நான் சொன்னது, ஓக் மரத்துக்கு இந்தப் பக்கம் வயல்ல. அது இருபது ஏக்கர் வயல். அவங்க அப்ப விளக்கினது தான் எனக்கு இந்த விஷயத்தையே மாத்திச்சு. ஒத்த காசுக்கு பெருசா விலை கிடையாது, ஆனா ஒரு ஓரத்துல நாலு காசு, ரெண்டு ஊக்கு, கொஞ்சம் ஓட்டுத் துண்டுன்னு புள்ளி புள்ளியா சேர்ந்துச்சுன்னா அங்க யாருக்கும் தெரியாத ஒரு வீடோ பாதையோ இருந்திருக்கும், அந்த புள்ளி இல்லைன்னா காசு வெறும் உலோகம். ஏர் ஓட்டின மண்ணுல பொருள் கொஞ்சம் நகரும் தான், ஆனாலும் ரொம்ப தூரம் போகாதாம். குறைஞ்சது எட்டு இலக்க க்ரிட் ரெஃபரன்ஸ், அதாவது மேப்ல ஒரு இடத்த குறிக்கற நம்பர், வேணும், அதுன்னா பத்து மீட்டர் சதுரத்துக்குள்ள வந்துடும், பத்து இலக்கம்னா ஒரு மீட்டர். மொபைல்ல ஃப்ரீ ஆப் இருக்கு. சரியான இடத்த வெளில காட்ட மாட்டாங்க, பப்ளிக் பாக்கறப்ப ஒரு கிலோமீட்டர் சதுரம் வரைக்கும் தான் தெரியும், ராத்திரியில திருட்டுத்தனமா தோண்ட வர்றவங்க இருக்கறதால.

அடுத்த சீசன்ல இருந்து சின்ன ஜிப் பை நூறு வாங்கி நம்பர் போட்டு எடுத்துட்டு போறேன். தோண்டின உடனே க்ரிட், ஆழம், பை நம்பர், அப்புறம் குழிய மூடறது. வீட்டுல நல்ல தண்ணில கூட ஊற வைக்கறதில்ல, மண்ணோட காய விட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பால வெச்சுடறேன், ஈரம் பட்டா வெண்கலத்துல வெளிர்பச்சையா பவுடர் மாதிரி பூத்து பொருளையே தின்னுடும். ஈய சாமான அட்டைப் பெட்டில வைக்காதீங்க, அட்டைல இருந்து வர்ற ஆசிட் ஈயத்த வெள்ளையா பூக்க வெச்சு கெடுத்துடும்.

அந்த சீசன் தான் நிறைய வந்துச்சு. ஓடை பக்கம் சரிவுல ரோமன் காலத்து வெண்கல ஊக்கு ஒண்ணு, நாலு சென்டிமீட்டர், நம்ம சேஃப்டி பின் மாதிரியே ஸ்பிரிங்கும் முள்ள மாட்டற தகடும், முள்ளு மட்டும் இல்ல, கி.பி. முதல் நூற்றாண்டுன்னு சொன்னாங்க. மேல் வயல்ல மூணாம் ஹென்றி காலத்து வெள்ளி பென்னி ஒண்ணு பாதியா, உடைஞ்சதில்ல, வெட்டினது. 1247-ல இருந்து அடிச்ச பென்னில சிலுவை ஓரம் வரைக்கும் நீளும், அந்த கோட்டுல வெட்டினா அரை பென்னி, இன்னொரு வெட்டுக்கு கால் பென்னி, 1279-80-ல முதலாம் எட்வர்ட் வட்டமா சில்லறை அடிக்கற வரைக்கும் இப்படி தான் சில்லறை பாத்திருக்காங்க. அப்புறம் கட்டை விரல் அளவு ஈயக் குப்பி, மேல சிப்பி வடிவம், யாத்திரை போனவங்க தீர்த்தம் கொண்டு வந்தது. இந்த மாதிரி குப்பிங்க வயல்ல அதிகம் கிடைக்குதாம், விளைச்சல் நல்லா வரணும்னு நிலத்துல தெளிச்சிருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. பண்ணைக்காரம்மா அத கையில வெச்சுட்டு திரும்பத் திரும்ப பாத்தாங்க, அவங்க குடும்பம் நாலு தலைமுறையா அதே நிலத்துல.

2022 செப்டம்பர் கடைசில தான் வெள்ளி ஊக்கு. சுண்டுவிரல் நகத்த விட கொஞ்சம் பெரிய வளையம், குறுக்க ஒரு முள்ளு, முள்ளு இன்னமும் அசையுது. 13, 14-ஆம் நூற்றாண்டுல சட்டைக் கழுத்துல குத்திக்கற சாமான். இது புதையல் கணக்குல வரும். 1996 ட்ரஷர் ஆக்ட் இப்படி: முன்னூறு வருஷத்துக்கு மேல பழசு, பத்துல ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருக்கற பொருள்னா ட்ரஷர். காசுன்னா ஒத்த காசு வராது, ஒரே இடத்துல ரெண்டு தங்க வெள்ளி காசு சேர்ந்து கிடைச்சா வரும், செம்பு வெண்கலம்னா பத்து காசு வேணும். அதனால தான் என் வெட்டுக் காசு வெள்ளியா இருந்தும் வரல, ஊக்கு வந்துச்சு. 2023 ஜூலைல இருந்து இன்னொரு பிரிவும் சேத்திருக்காங்க, இருநூறு வருஷத்துக்கு மேல ஆன, ரொம்ப முக்கியமான உலோகப் பொருள்னா என்ன உலோகமா இருந்தாலும் சரி. 2010-ல க்ராஸ்பி காரெட்ல கிடைச்ச ரோமன் முகக்கவசம் வெண்கலம்ங்கறதால சட்டத்துல சிக்காம ஏலத்துல இருபது லட்சம் பவுண்டுக்கு மேல போயிடுச்சு, உள்ளூர் மியூசியம் பணம் திரட்டியும் வாங்க முடியல. இந்த திருத்தம் ரொம்ப லேட்டுன்னு தான் நான் நினைக்கிறேன்.

கிடைச்ச, இல்ல புதையலா இருக்கலாம்னு நமக்கு தெரிஞ்ச நாள்ல இருந்து 14 நாளைக்குள்ள கொரோனருக்கு தகவல் போகணும், சந்தேக மரணங்கள விசாரிக்கற அதே அதிகாரி தான். சொல்லாம வெச்சுக்கிட்டா மூணு மாசம் வரைக்கும் ஜெயில் கூட இருக்கு. நடைமுறைல எஃப்.எல்.ஓ. கிட்ட சொன்னா அவங்க அனுப்பிடுவாங்க, நான் அன்னிக்கு ராத்திரியே மெயில் போட்டேன். பொருள குடுத்து ரசீது வாங்கினேன், வருஷம் போட்டு டி-ன்னு ஒரு எழுத்தோட வரிசை நம்பர் வந்துச்சு. அப்புறம் காத்திருப்பு. ரிப்போர்ட் எழுதணும், எந்த மியூசியமாவது வேணும்னு சொல்லுதான்னு கேக்கணும். வேணும்னா விசாரணை நடந்து, வேல்யுவேஷன் கமிட்டி விலை சொல்லி, மியூசியம் குடுக்கற தொகை வழக்கமா கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி. வேணாம்னா விசாரணை இல்லாமலே திரும்பும், அதுக்கும் நிலத்துக்காரருக்கு லெட்டர் போட்டு 28 நாள் டைம் குடுப்பாங்க. எங்களுத யாரும் கேக்கல. திரும்ப கைக்கு வர பதிமூணு மாசம் ஆச்சு. இத்தன நாளான்னு நிறைய பேரு கோவப்படறாங்க, ஆனா ஒரு ஆபீசர் மேஜைல எத்தன பை வரிசையா இருக்குன்னு நேர்ல பாத்ததால எனக்கு கோவம் வரல.

இடைல ஒரு நாள் லண்டன் போனப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல 49-ஆம் ரூம் போனேன், ஹாக்ஸன் புதையல் பாக்க. அதுவும் எங்க சஃபோக் தான். 1992 நவம்பர்ல ஒருத்தர் தொலைஞ்ச சுத்தியல தேடப் போய் பதினஞ்சாயிரம் ரோமன் காச பாத்தாரு, கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டாரு, மறுநாள் தொல்லியல் ஆளுங்க வந்து முறையா தோண்டினாங்க. பெட்டிக்குள்ள எது எங்க அடுக்கி இருந்துச்சுன்னு வரைக்கும் தெரிய அந்த நிறுத்தினது தான் காரணம். அதுல ஒரு மிளகு டப்பா, வெள்ளில ஒரு சீமாட்டி உருவம், அடில தட்ட திருப்பினா மூடும், நிரப்பும், தூவும். நாலாம் நூற்றாண்டுல மிளகு நம்ம பக்கத்துக் கடற்கரைல இருந்து தான் கப்பல் ஏறிச்சு. அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன், அவங்க மிளகு டப்பாவ பத்தி ஒண்ணும் சொல்லல, "அந்த காச தேய்க்க சொன்னது நான்தானடா"ன்னு கேட்டாங்க. இல்லம்மா தேய்ச்சது நான்னேன்.

வெள்ளி ஊக்கு இப்ப பண்ணைக்காரம்மா வீட்டுல, அவங்க பாட்டியோட கடிகாரத்துக்கு பக்கத்துல. வித்துடலாமான்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. டேட்டாபேஸ்ல எஸ்.எஃப்.னு ஆரம்பிக்கற நம்பரோட எல்லாம் ஏறியாச்சு, ஓடைச் சரிவுல மட்டும் ரோமன் சாமான் ஒன்பது புள்ளி. எஃப்.எல்.ஓ. அந்த மேப்ப பாத்துட்டு, அடுத்த தடவை உலோகம் மட்டும் இல்ல, மண்ணோட்டையும் ஓட்டுத் துண்டையும் பை போட்டு கொண்டு வான்னாங்க. கீழ் வயல் அறுப்பு ஆகஸ்ட் ரெண்டாவது வாரமாம், ரேப்சீட் விதைக்க போறாங்க, எனக்கு பத்து நாள் தான் கிடைக்கும். பைக்கு நம்பர் எழுதி முடிச்சுட்டேன்.