வேளாண் ஆய்வுக்கு அரசு நிதி: விண்ணப்பத்திலிருந்து முதல் பயன்பாட்டுச் சான்றிதழ் வரை

வேளாண் ஆய்வுக்கு அரசிடம் நிதி கேட்டு எழுதுகிறவர்கள் அதிகம் உழைப்பது முன்னுரையில்தான். மக்கள்தொகைப் பெருக்கம், பருவநிலை மாற்றம், உணவுப் பாதுகாப்பு என்று இரண்டு பக்கம் போகும். நாங்களும் எழுதினோம். கடைசிவரை அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்விகள் எல்லாம் செய்முறையிலும் பட்ஜெட்டிலும்தான் விழுந்தன. பட்ஜெட்டைப் படித்தால் இந்த ஆள் வயலில் இறங்கி வேலை பார்த்தவரா, மேசையில் உட்கார்ந்து எழுதியவரா என்று தெரிந்துவிடும். மதிப்பீட்டாளர்கள் அதைத்தான் தேடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

எங்கள் ஆய்வுக் கேள்வி சின்னது. சோளத்தில் துவரையை ஊடுபயிராகப் போட்டால், சோளத்துக்கு இடும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜன் உரத்தை, விளைச்சல் குறையாமல் எவ்வளவு குறைக்கலாம்? துவரை வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் ஊடுபயிராக நிற்கும்போது உரத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை அந்தந்த மண்ணில் அளந்துதான் சொல்ல முடியும்.

முதல் கட்டம் இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பு. அதைப் பார்த்துத் தேர்வு செய்தால்தான் முழு முன்மொழிவு கேட்பார்கள். இந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறிவிப்பில் கொடுத்திருக்கும் முன்னுரிமைத் துறைகளில் எதற்குள் உங்கள் கேள்வி வருகிறது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். தகுதி விதிகளை, அதாவது முதன்மை ஆய்வாளருக்குப் பணிக்காலம் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும், நிறுவனத்துக்கு என்ன அங்கீகாரம் வேண்டும் என்பவற்றை, எழுத ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதத்தைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான்.

முழு முன்மொழிவில்தான் உண்மையான வேலை. எங்களிடம் ஆறு ட்ரீட்மென்ட், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் ஆறு முறைகள்: தனிச்சோளம், தனித்துவரை, அப்புறம் ஊடுபயிரில் தழைச்சத்து முழு அளவு, முக்கால், அரை, சுத்தமாக இல்லை என்று நான்கு. வழக்கமான ராண்டமைஸ்டு பிளாக் டிசைன்: வயலைப் பிளாக் என்ற தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இந்த ஆறையும் குலுக்கிப்போட்டு வைப்பது. மூன்று ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு ட்ரீட்மென்டையும் மூன்று பாத்திகளில் திரும்பச் செய்வது) போதும், செலவு குறையும் என்று இணை ஆய்வாளர் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று என்றால் பிழைக்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது தற்செயல் வேறுபாட்டை மதிப்பிடக் கையில் இருக்கும் சுதந்திரமான தகவல்களின் எண்ணிக்கை, 10தான் வரும். நான்கு என்றால் 15. வயல் சோதனைகளில் இது 12க்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது எல்லோரும் கைக்கொள்ளும் நடைமுறை. ஆகவே நான்கு ரெப்ளிகேஷன், 24 பாத்திகள்.

பட்ஜெட் இந்த 24இலிருந்துதான் பிறந்தது. ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு ஆழத்தில், விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் மண் மாதிரி எடுத்தால் ஒரு பருவத்துக்கு 96 மாதிரிகள், இரண்டு பருவத்துக்கு 192. ஒரு மாதிரிக்கு ஆய்வகம் வாங்கும் கட்டணத்தால் பெருக்கினால் நுகர்பொருள், பகுப்பாய்வு என்ற செலவுத் தலைப்பின் பெரும்பகுதி வந்துவிடும். தொகைக்குப் பக்கத்திலேயே இந்தப் பெருக்கலையும் எழுதினோம். வெறுமனே 'மண் பகுப்பாய்வு' என்று ஒரு முழு எண்ணைப் போட்டிருந்தால், வெட்டுவதற்கு முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருந்திருக்கும். பெருக்கல் எழுதியிருந்தால் வெட்டுகிறவர் எந்த ரெப்ளிகேஷனை, எந்த ஆழத்தை விடச் சொல்கிறார் என்பதையும் அவரே சொல்லியாக வேண்டும்.

ரெப்ளிகேஷன், பாத்திகளைக் குலுக்கிப்போடுவது, பிளாக் பிரிப்பது எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர். 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, பழைய வயல் தரவுகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் வந்தவை இவை. அதே ராதம்ஸ்டெட்டில் பிராட்பாக் என்ற கோதுமை வயலில் 1843இல் தொடங்கிய உரச் சோதனை இன்றும் நடக்கிறது. அதைத் தொடங்கிய ஜான் லாஸ் சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரித்து விற்றவர். தன் கைக்காசைப் போட்டுத்தான் சோதனையை நடத்தினார். எந்த நிதிக்குழுவிடமும் மூன்றாண்டுத் திட்டம் என்று அவர் எழுதித்தர வேண்டியிருக்கவில்லை. கொடுத்துவைத்த மனிதர்!

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் முதல் வரைவில் 'மண்ணின் அங்ககக் கரிமம் (மட்கிய பொருளில் உள்ள கார்பன்) உயரும்' என்று ஒரு நோக்கம் இருந்தது. எங்கள் துறையில் ஓய்வுபெற இருந்த மூத்த பேராசிரியர் படித்துவிட்டு, "தம்பி, மூணு வருஷத்துல கரிமம் கூடுச்சா, மாதிரி எடுத்த இடம் மாறிப்போச்சான்னு எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீங்க?" என்று கேட்டார். கரிமம் மெதுவாக மாறும், ஒரே வயலுக்குள் இடத்துக்கு இடம் வேறுபடும். சின்ன மாற்றத்தை உறுதியாகச் சொல்ல நீண்ட காலம் வேண்டும். அந்த நோக்கத்தை எடுத்துவிட்டோம். மிஞ்சிய மூன்று நோக்கங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் எதை, எப்போது, எந்தக் கருவியால் அளப்போம் என்று எழுத முடிந்தது.

மதிப்பீட்டாளர் கருத்துகள் வந்தபோது ஒருவர் 'இது வழக்கமான ஆய்வு' என்றும், இன்னொருவர் 'மூன்றாண்டுக்கு இது அதிகம்' என்றும் எழுதியிருந்தார்கள். இதில் மனம் உடைய ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மருத்துவ ஆய்வு விண்ணப்பங்களைப் பல மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2018இல் வெளியானது. 43 பேர், 25 விண்ணப்பங்கள். ஒரே விண்ணப்பத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்களுக்குள் ஒற்றுமை ஏறக்குறைய இல்லவே இல்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013 முதல் ஒரு வகை நிதிக்கு, அடிப்படைத் தகுதி பார்த்தபின் குலுக்கல் முறையையே கொண்டுவந்தது. ஆகவே, இருவரையும் திருப்திப்படுத்த முயலாமல், ஒவ்வொரு கருத்துக்கும் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அட்டவணையாக எழுதி அனுப்பினோம். ஏற்காததையும் மரியாதையோடு எழுதினால் யாரும் கோபப்படுவதில்லை.

அடுத்தது நிபுணர் குழு முன்னால் விளக்கம். பட்ஜெட்டில் 'சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் பறவை விரட்ட ஆள் கூலி' என்று ஒரு வரி போட்டிருந்தோம். எங்கள் கணக்குப் பிரிவில் அதைப் படித்துச் சிரித்தார்கள். 'இதர செலவு' என்று மாற்றிவிடுங்கள் சார் என்றார்கள். மாற்றவில்லை. குழுவில் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, "சின்னச் சின்னப் பாத்தி, சுற்றிலும் வேறு சோளம் இல்லை, பறவைக்கு என்ன செய்வீர்கள்?" என்பதுதான். ஆப்பிரிக்காவில் குவீலியா என்ற தானியம் தின்னும் சின்னப் பறவைகளின் கூட்டம் இறங்கினால் வயலே காலி. சோதனைப் பாத்தியைக் காலி செய்ய நாலைந்து கிளிகள் போதும், அதுவும் ஓரப் பாத்திகளைத்தான் முதலில் பிடிக்கும். விளைச்சல் வேறுபாடு உரத்தால் வந்ததா, பறவையால் வந்ததா என்று பிறகு எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது. அந்த வரியைக் காட்டினேன். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியது.

தானியங்கி வானிலை நிலையம் கேட்டிருந்தோம், பக்கத்து நிலையத்தின் தரவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வெட்டினார்கள். நியாயம்தான். ஆனால் ஆள் கூலியிலும் ஒரு பங்கைக் குறைத்தபோது, அதற்கேற்ப எந்த வேலையைக் குறைக்கிறோம் என்று அங்கேயே சொல்லி, பின்பு எழுத்திலும் கொடுத்தோம். பணத்தை மட்டும் குறைக்கவிட்டு நோக்கங்களை அப்படியே வைத்திருந்தால், முடிவறிக்கையில் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

அனுமதி ஆணை கைக்கு வந்தபோது விதைப்புப் பட்டம் போய்விட்டிருந்தது. இது அடிக்கடி நடப்பதுதான். நிதியாண்டுக்கு ஒரு நாட்காட்டி, பயிருக்கு ஒரு நாட்காட்டி. இதை எதிர்பார்த்து முன்மொழிவிலேயே ஒரு மாற்று ஏற்பாடு எழுதியிருந்தோம்: நிதி தாமதமானால் முதல் மாதங்களில் சீர்மைச் சோதனை. வயல் முழுக்க ஒரே பயிரை ஒரே மாதிரி வளர்த்து, சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்து எடைபோட்டால், நிலத்தில் எந்தப் பக்கம் வளம், எந்தப் பக்கம் சோடை என்று வரைபடமே கிடைக்கும். பிளாக்குகளை அதை வைத்துப் பிரித்தோம். காலியாகப் போயிருக்க வேண்டிய மாதங்கள் அடுத்த பருவத்தின் துல்லியத்துக்கு உதவின.

பணம் வந்த பிறகு தனிக் கணக்கு, தலைப்பு மாற்றிச் செலவு செய்ய முன் அனுமதி, கொள்முதலுக்கு விலைப்புள்ளி, இருப்புப் பதிவேடு என்று ஓடும். ஆராய்ச்சி உதவியாளராக வந்த பெண் நல்ல வேலைக்காரி; நிரந்தரப் பணி கிடைத்ததும் போய்விட்டார். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவரை எப்படிக் குறைசொல்ல முடியும்? வயல் குறிப்பேட்டை அவர் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால் அடுத்தவர் சிரமமில்லாமல் தொடர்ந்தார்.

சிக்கல் பயன்பாட்டுச் சான்றிதழில், அதாவது கொடுத்த பணம் கொடுத்த நோக்கத்துக்கே செலவானது என்று காட்டும் சான்றில், வந்தது. சோளத்தை மூன்றரை மாதம் போல வந்ததும் அறுத்துவிட்டோம். துவரை நீண்டகால ரகம், அதற்கு அப்புறமும் நிற்கும். நிதியாண்டு முடிவில் கணக்கை மூடச் சொன்னபோது துவரை காய் முற்றிக்கொண்டிருந்தது. அறுவடைக் கூலியை முன்கூட்டிச் செலவாகக் காட்டவும் முடியாது, மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அறுக்க ஆளுக்குக் காசும் இருக்காது. செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு, பயிர் நிற்கும் நிலை, எதிர்பார்க்கும் அறுவடைத் தேதி, அதற்கான கூலிக் கணக்கு மூன்றையும் சேர்த்து எழுதினோம். நிதியாண்டு முடிவதற்கு முன்பே எழுதியதால் அனுமதி கிடைத்தது. ஆண்டு முடிந்தபின் கேட்டால் அது விளக்கம் கொடுக்கும் கடிதமாகிவிடும். ஊடுபயிரோ நீண்டகாலப் பயிரோ வைத்து ஆய்வு செய்கிறவர்கள் இந்தக் கடிதத்தின் வரைவை விதைக்கும்போதே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இரண்டாம் பருவ மண் மாதிரிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன. முதல் சில மாதங்கள் சீர்மைச் சோதனைக்குப் போனதால், கூடுதல் நிதி கேட்காமல் கால நீட்டிப்பு மட்டும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். அதற்கான படிவத்திலும் முதல் கேள்வி, மிச்சம் இருக்கும் பணம் எந்தத் தலைப்பில் எவ்வளவு என்பதுதான்.